சுருளின் உட்பக்கம்

வியாழக்கிழமை காலை, நாங்கள் அனுப்பிய முப்பத்தெட்டு ரோல்களும் அதே லாரியில் திரும்பி வந்து இறங்கின. கூடவே வாடிக்கையாளரின் இரண்டு வரிக் கடிதம். "நைலான் பக்கம் உள்ளே இருக்கிறது. பை ஒட்டவில்லை."

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளே இருந்த நைலானை வெளியே கொண்டுவரத்தான் திங்கட்கிழமை முழுக்க அந்த முப்பத்தெட்டையும் பிரித்துத் திருப்பிச் சுற்ற வைத்தேன். அதற்காக என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கடிதம்கூட எழுதி வாங்கினேன். திருப்பியதை மறுபடி யார் திருப்பினார்கள்? லாரியில் போகும்போது ரோல்களே புரண்டு படுத்துக்கொண்டனவா?

எங்கள் ஆலையில் செய்வது மூன்று அடுக்கு ஃபிலிம். கண்ணுக்கு ஒரே தாளாகத் தெரியும், ஒரு தலைமுடி கனம்தான் இருக்கும். அதற்குள் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் பாலிஎதிலீன். நைலான் முரடு, கிழியாது, காற்றை உள்ளே விடாது. பாலிஎதிலீன் சாது, கொஞ்சம் சூடு காட்டினாலே உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்து வாழுமா என்றால் வாழாது. அதனால் நடுவில் ஒரு பசை அடுக்கு. எங்கள் வீட்டில் அந்தப் பசை என் மாமியார்.

இந்த ஃபிலிமை வாங்குகிறவர்கள் அதில் பை செய்கிறார்கள். பாலிஎதிலீன் பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே இருக்கவேண்டும், சூடான பட்டை மேலிருந்து அழுத்தவேண்டும், பை ஒட்டிவிடும். பக்கம் மாறி நைலான் உள்ளே போய்விட்டால் அந்தச் சூட்டுக்கு அது அசைந்துகொடுக்காது. வெளியே வந்துவிட்ட பாலிஎதிலீனோ உருகிப் பட்டையில் அப்பிக்கொள்ளும். ஆகவே எங்கள் ஆலையில் எல்லா ரோலிலும் நைலான் வெளியே இருக்கும்படிதான் சுற்றவேண்டும். அது தலையெழுத்து மாதிரி, மாற்றக்கூடாது.

எது நைலான் பக்கம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. விதிப் புத்தகத்தின்படி சூட்டுக்கோலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். எது இழுபடுகிறதோ அது பாலிஎதிலீன். அதற்குக் கோல் சூடாக வேண்டும், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. என் வழி வேறு. ரோலின் மேல்சுற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன், அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவேன், உள்ளங்கையில் போடுவேன். துண்டு நாக்கு மடிவதுபோலத் தானாகச் சுருண்டுகொள்ளும். சுருளின் உட்பக்கம் எதுவோ அது நைலான். புள்ளி உள்ளே போய்விட்டால் நைலான் வெளிச்சுற்றில் இருக்கிறது, ரோல் சரி. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஆலையில் எனக்கு ஜோசியக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான், கோபப்படுவதுபோல நடிப்பேன்.

திங்கட்கிழமை காலை துண்டை உள்ளங்கையில் போட்டேன். சுருண்டது. ஆனால் புள்ளி வெளியே நின்றது.

ஐந்து ரோலில் வெட்டிப் பார்த்தேன். ஐந்திலும் புள்ளி வெளியே. முந்தின இரவு ஷிஃப்டில் ஃபிலிம் மெஷினை ஓட்டியவர் வேறு யாருமல்ல, என் வீட்டுக்காரர். நேரே போய் அவர் முன்னால் கையை நீட்டினேன்.

"என்னங்க இது? எல்லாத்தையும் திருப்பிச் சுத்தி வெச்சிருக்கீங்க?"

"இல்லையே. எப்பவும் போலத்தான் சுத்தினேன். திசைக் கைப்பிடி கீழேதான் இருந்துச்சு, நான் பார்த்தேனே."

"இங்க பாருங்க. புள்ளி எங்க இருக்கு?"

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு, "ஆமா, வெளியேதான் இருக்கு" என்றார்.

சுற்றும் இயந்திரத்தில் திசையை மாற்ற ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. கீழே இருந்தால் நைலான் வெளியே வரும், மேலே தள்ளினால் உள்ளே போகும். பதினான்கு வருடமாக அந்த மெஷினை ஓட்டுகிறவர் அதைத் தள்ளுவாரா என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்த வாரம்தான் ஷிஃப்ட் பொறுப்பாளர் பதவிக்கு அவர் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அறிவிப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்து இப்படிச் செய்துவிட்டாரே என்ற எரிச்சலில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. மறைத்தால்தான் தப்பு, ஒத்துக்கொண்டால் மதிப்பு கூடும் என்று சொல்லி, "கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது" என்று நானே வாசகம் சொல்ல அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"கைப்பிடி கீழே இருந்த மாதிரிதான் ஞாபகம்" என்றார்.

"ஞாபகத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஃபிலிம் பொய் சொல்லுமா?" என்றேன்.

"அதுவும் சரிதான். ஒருவேளை துணியால துடைக்கறப்ப முழங்கை பட்டிருக்கும்."

என் மாமியார் அப்பளத்தை நொறுக்கியபடி, "இவன் சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றார். "யாராவது அடிச்சா அழுவான். அடிக்காம, 'உன்னை அடிச்சேன்டா'ன்னு சொன்னாலும் அழுவான்." நானும் அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இவ்வளவும் நடந்து முடிந்து மூன்று நாள் கழித்து ரோல்கள் திரும்பி வந்து நிற்கின்றன. முதலில் எனக்குச் சந்தேகம் மறுசுற்று மெஷின் ஓட்டும் அண்ணன் மேல்தான். ஆள் குண்டு, ரோல்களோடு ரோலாக உட்கார்ந்திருப்பார், எல்லாரும் உருளை அண்ணன் என்போம். வேலையைச் சுருக்குவதில் மன்னர்.

"அண்ணே, திங்கக்கிழமை நிஜமாவே திருப்பினீங்களா, இல்ல லேபிளை மட்டும் மாத்தி ஒட்டினீங்களா?"

அண்ணனுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "முப்பத்தெட்டு ரோலு தங்கச்சி! இடுப்பு ஒடிய ஒண்ணொண்ணா பிரிச்சுச் சுத்தினேன். இன்னும் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். வேணும்னா மோந்து பாரு."

மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, பத்தடி தள்ளியே வாசம் அடித்தது.

"நாப்பது வந்துச்சு" என்றார். "ரெண்டுக்கு நடுக் குழாய் நசுங்கிப் போச்சு, மெஷின்ல ஏறல. அதை மட்டும் திருப்பாம ஓரமா வெச்சிருக்கேன். அதோ."

திரும்பி வந்த ரோல் ஒன்றிலும் திருப்பாத ரோல் ஒன்றிலும் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். உள்ளங்கையில் போட்டேன். திரும்பி வந்த துண்டில் புள்ளி உள்ளே போயிற்று: நைலான் வெளிச்சுற்றில் இருக்கிறது, ரோல் சரி. திருப்பாத துண்டில் புள்ளி வெளியே நின்றது: ரோல் தப்பு. அண்ணன் சொன்னது உண்மை, நான் சொன்னதும் உண்மை, வாடிக்கையாளர்தான் உளறுகிறார். துள்ளிக் குதித்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

மேலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒட்டிப் பாத்தியாம்மா?"

"சார்?"

"அவங்க பை ஒட்டலன்னு எழுதியிருக்காங்க. நீ ஒட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. என் மேஜைக்குப் பின்னாலேயே ஒட்டும் கருவி இருக்கிறது, மேலே தூசி மூடியிருந்தது. சூடேற்றி, திரும்பி வந்த துண்டை உள்பக்கம் உள்பக்கத்தோடு சேரும்படி மடித்து அழுத்தினேன். எடுத்தபோது ஒட்டவில்லை. வெளிப்பக்கம் மட்டும் உருகிப் பட்டையில் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டு வர மறுத்தது. கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டு, திருப்பாத துண்டை வைத்து அழுத்தினேன். இரண்டு கையாலும் இழுத்தேன். பிரியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன், அப்போதும் பிரியவில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கை சரி என்று சொன்னதைச் சூடு தப்பு என்கிறது. கை தப்பு என்று சொன்னது கல்லு மாதிரி ஒட்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்லவேண்டும். கை என்னுடையது, ஒன்பது வருடமாக எனக்குப் பொய் சொல்லாத கை. இன்னும் நான்கு துண்டு வெட்டிப் போட்டேன். நான்கும் அதையே செய்தன. கருவி கெட்டுவிட்டதா என்று பார்த்தேன், கெடவில்லை. மேஜை முழுக்க புள்ளி வைத்த துண்டுகள் சுருண்டு கிடந்தன, கொஞ்ச நேரத்தில் எது எந்த ரோல் என்பதே மறந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பசைக்குப் பதிலாக வேறு ஏதாவது கொட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். என் கைதான் ஏதோ ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன், சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

கடைசியில் மாதிரி அலமாரியைத் திறந்து போன மாதத்து ஃபிலிம் ஒன்றை எடுத்தேன். கையில் போட்டேன், புள்ளி உள்ளே போனது. ஒட்டினேன், ஒட்டியது. கையும் சூடும் ஒரே பேச்சு. அப்படியென்றால் கை கெடவில்லை, ஃபிலிம்தான் மாறியிருக்கிறது. போன மாதத்துக்கும் இந்தத் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன மாறியது? உருக்கக் கொட்டும் அதே பிளாஸ்டிக் மணிகள், அதே பசை, அதே சூடு. பதிவேட்டைப் புரட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

ஃபிலிம் கூடத்துக்கே போய் நின்றேன். மூன்று தொட்டிகளில் கொட்டும் மணிகள் உருகி, வட்ட வாயிலிருந்து குழாயாக வெளியே வந்து, காற்று நிறைந்து, கூரைவரை பெரிய பலூனாக எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. மேலே தட்டையாகி, வெட்டுப்பட்டு, கீழே இறங்கிச் சுற்றும் இயந்திரத்துக்கு வருகிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு தகரப் பெட்டி. அதன் இடுக்கு வழியாகப் பனி மாதிரி ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

இந்தப் பெட்டியை வைத்தது போன சனிக்கிழமை. ஃபிலிம் மேஜையில் படுக்காமல் சுருண்டு சுருண்டு எழுகிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததால் வைத்தார்கள். நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கொஞ்சம் உப்பும், சுருட்டல் அடங்கிவிடும் என்று விற்க வந்தவர் விளக்கினார். வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

நைலான் சுருங்கிக் கிடந்தால் ஃபிலிம் நைலான் பக்கம் சுருளும். என் ஜோசியம் மொத்தமும் அதுதான். அதே நைலான் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து உப்பிவிட்டால்? ஃபிலிம் எதிர்ப்பக்கம் சுருளும். அறைக்கு ஓடினேன். திருப்பாத ரோலின் துண்டு ஒன்றை ஒட்டும் கருவியின் சூடான மூடிமேல் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். துண்டு மெல்ல விரிந்தது, தட்டையாகப் படுத்தது, பிறகு சோம்பல் முறிப்பதுபோல மறுபக்கம் சுருண்டுகொண்டது. புள்ளி உள்ளே போய்விட்டது.

அவர் சரியாகத்தான் சுற்றியிருந்தார். கைப்பிடி கீழேதான் இருந்தது. சரியாக இருந்த முப்பத்தெட்டு ரோல்களை உட்கார்ந்து தப்பாக்கியவள் நான். பத்து நிமிடம் காத்திருக்கச் சோம்பல்பட்டு, ஒன்பது வருடம் பலித்தது இன்றைக்கும் பலிக்கும் என்று கையை நீட்டியவள் நான்.

அப்போதும் ஒரு நிம்மதி இருந்தது. மணி மூன்றரைதான். அறிவிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தப்பை என்மேல் போட்டுக்கொண்டால் அவர் பேர் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். மேலாளர் மேஜையில் இரண்டு துண்டுகளையும் வைத்து, ஈரப் பெட்டி முதல் சூட்டு மூடி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தப்புதான் என்று மூன்று தடவை சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் துண்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை, நீயே கண்டுபிடிச்சே" என்றார். "இனிமே கோல்தான், கை கிடையாது. சரியா?"

"சரி சார். அப்ப அவரோட கடிதத்தைக் கிழிச்சுடலாம் இல்ல சார்? அது நான் சொல்லி எழுதினது."

"எந்தக் கடிதத்தை?"

"திங்கக்கிழமை குடுத்தாரே, கவனக்குறைவுன்னு."

மேலாளர் இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று எனக்குத் தெரியும். இன்னொன்று புதன்கிழமை தேதி போட்டது. அதை என்னிடம் நீட்டினார். என் வீட்டுக்காரரின் கோழிக் கிறுக்கல் எழுத்துதான்.

"திசைக் கைப்பிடியை மேலே தள்ளியது நான்தான். முதலில் மறந்திருந்தேன், இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது ரோல் மாற்றியதும் தள்ளினேன். தள்ளும்போது டக் என்று சத்தம் கேட்டது. யாரும் சொல்லி இதை எழுதவில்லை."

இரண்டு தடவை படித்தேன். இப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றின் சத்தம்கூட அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இது பொய் சார்" என்றேன்.

"பொய் இல்லம்மா. குடுக்கறப்ப அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் எழுதியிருக்கார்." மேலாளர் தாளை வாங்கி மடித்தார். "தப்புப் பண்ணின ஆளுக்குக்கூட ஷிஃப்டைக் குடுக்கலாம், நாளைக்குத் திருந்திடுவார். தன் மெஷின்ல தான் என்ன பண்ணினோம்னு அடிச்சுச் சொல்லத் தெரியாத ஆளுக்கு எப்படிக் குடுக்கறது? நாளைக்கு எவனாவது வந்து, 'மணியை மாத்திக் கொட்டிட்டீங்க'ன்னு சொன்னா, 'ஆமா, கொட்டினேன்'னு சொல்வார். நான் எதை நம்பறது?"

வாதாடினேன். குரலை உயர்த்திக்கூடப் பேசினேன். அவர், பகல் ஷிஃப்டில் இருக்கும் இன்னொருவர் பேரை ஏற்கனவே எழுதி வைத்துவிட்டதாகச் சொன்னார். எனக்குத் தண்டனை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த வாரத்து இரண்டாம் பாதி என் வீட்டுக்காரருக்கும் பகல் ஷிஃப்ட். சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உருளைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே குந்தி உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போட்டு உடைத்தேன்.

"என்னங்க, நீங்க சரியாத்தான் சுத்தியிருக்கீங்க. நான் பார்த்ததுதான் தப்பு. ஈரத்துல ஃபிலிம் மாத்திச் சுருண்டுக்கிச்சு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அப்ப நான் கைப்பிடியைத் தள்ளலையா?"

"தள்ளல."

"டக்குன்னு கேட்டுச்சே."

"கேக்கலங்க. தள்ளாம எப்படிக் கேக்கும்?"

கைப்பிடியைப் பார்த்தார். அது கீழேதான் இருந்தது. கையை அதன்மேல் வைத்தார், எடுத்தார். எதையோ தேடுவதுபோல அவர் முகம் சுருங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது.

"சரி" என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுப் பூரித்துப்போகிற வார்த்தை அது. என் புருஷன் என் பேச்சைத் தட்டமாட்டார் என்று அக்கா தங்கைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதைக் கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை நான் சொன்னபோது தப்புச் செய்தவராகிவிட்டார். இப்போது நான் சொன்னதும் தப்புச் செய்யாதவராகிவிட்டார். இரண்டு தடவையும் அவர் அங்கே இருந்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை.

"பதவி வேற ஆளுக்குப் போயிடுச்சு" என்றேன். "உங்க ரெண்டாவது கடிதத்தால. ஆனா ஆரம்பிச்சு வெச்சது நான். உங்க வேலையில மண்ணைப் போட்டது நான்தான்."

"விடு. பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க!" என் குரல் மெஷின் சத்தத்தை மீறி ஒலித்தது. தூரத்தில் உருளை அண்ணன் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எவ்வளவு பெரிய தப்புப் பண்ணியிருக்கேன். கோவம் வரலையா உங்களுக்கு? ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார். கைகளை வேட்டித் துணிபோலத் தொங்கிய தன் பழைய சட்டையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கேட்டதைச் செய்ய வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பியது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார், யோசித்தார்.

"என்னன்னு திட்டணும்?" என்று கேட்டார்.

நானும் சொல்லிக்கொடுக்க வாயெடுத்துவிட்டேன்.